மெழுகு போட்ட பூட்ஸ்

எங்க எதிர்வீட்டு ஆலேன் ஒரு சொல்தா. பதினஞ்சு வருஷம் பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவன். சண்டையெல்லாம் பார்க்கல, கிடங்குல கம்பளி எண்ணினான். ஆனாலும் ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய நாள் அன்னிக்கு கடற்கரை ரோட்டு அணிவகுப்புல கொடி புடிக்கறது அவன்தான். அதுதான் அவனுக்கு உசுரு.

போன வருஷம் வழுக்கி, முட்டி போட்டுட்டான். "இந்த வாட்டியும் விழுந்தா கொடி லூதோவிக் கைக்குப் போயிடும்"னு சொல்தா சங்கத்துல சொல்லிட்டாங்க. லூதோவிக் அணியில இவனுக்குப் பக்கத்துல நடக்கற இன்னொரு சொல்தா.

ஒரு வாரமா தயாரானான் பாருங்க! பழைய கால்சட்டை இடுப்புல ஏறல. பொண்டாட்டி சபின் பின்னால எலாஸ்டிக் வச்சுத் தச்சா. எலாஸ்டிக்காவது இழுத்து உட்டா சுருங்கும்; இவன் வயிறு நீண்டதோட சரி.

அது போவட்டும். பூட்ஸைக் கவுத்துப் போட்டு அடித்தோலுக்கு மெழுகு போட்டான். மூஞ்சி தெரியுது அதுல.

"ஏண்டா, படகு தள்ளறவன் அடியில கொழுப்புத் தடவுவான், வழுக்கிக்கிட்டுப் போவட்டும்னு. நடக்கறவன் தடவுவானா?"ன்னு கேட்டேன்.

"உங்களுக்குப் பட்டாளம் தெரியாதுக்கா. எங்க செர்ழான், அதான் சார்ஜெண்டு, காலைத் தூக்கச் சொல்லி அடியப் பார்ப்பாரு."

"அந்த அதிகாரி செத்து இருபது வருஷம் ஆச்சுன்னு நீதானடா சொன்ன?"

"செத்தா என்னா? ஒழுங்கு ஒழுங்குதான்."

அன்னிக்கு மேல்காத்து பிச்சு எடுத்துச்சு. கொடி பாய் மாதிரி உப்பிடுச்சு. காத்து கொடிய இழுக்குது, கொடி இவனை இழுக்குது, கீழ மெழுகு வழி உடுது. அடி எடுத்து வைக்காமலே ரெண்டு முழம் கடலைப் பார்க்கப் போனான் மகராசன். பாண்டு நேரா போவுது, கொடி பக்கவாட்டுல போவுது. கொடிய வாங்க லூதோவிக் கையை நீட்டிட்டான்.

"கழட்டுடா பூட்ஸை!"ன்னு நான் போட்ட சத்தத்துல பாண்டே நின்னுடுச்சு. சபின் ஓடிப்போயி குனிஞ்சு கயித்தை அவுத்தா. காலுறையும் போச்சு. வெறுங்கால ஊனினான் பாருங்க, வெடிச்ச குதிகால் ரெண்டும் தாரைக் கவ்விப் புடிச்சுக்கிச்சு. அசையல. கடைசி வரைக்கும் நேரா நடந்தான்.

வெறுங்கால் உடுப்புல சேருமா சேராதான்னு சங்கத்துல ரெண்டு மணி நேரம் பேசினாங்க. விழல, அதனால கொடி அவனுக்கேன்னு முடிவாச்சு.

ஜெயிச்சவன் சும்மா இருக்கணுமே. அடுத்த வருஷமும் வெறுங்கால்தானாம். இப்பவே வாசப்படியில குந்தி, குதிகாலைக் கல்லால தேய்ச்சு மழமழன்னு ஆக்கிக்கிட்டு இருக்கான்.

"டேய், உன்னை விழாமப் புடிச்சதே அந்த வெடிப்புதான்டா!"

"செர்ழான் பார்த்தா என்னா சொல்லுவாருக்கா?"