எண்ணெய்த் தலைக்கு ஒரு ஹெட்போன்

எண்பதுகளின் நடுவில் பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதற்கான பாடமெல்லாம் டேப் கேசட்டில் இருக்கும். டேப் ஓடும்போது கீச்சென்று ஓர் இரைச்சல் வரும். அது சீராக வந்தால்தான் திரையில் பாடம் தெரியும். நடுவில் கொஞ்சம் அலைந்தாலும் திரும்பச் சுற்றி முதலிலிருந்து போட வேண்டும். அதனால் ஒருத்தி காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியர் அறை. மனிதர் காதைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார்.

"என்னங்க டீச்சர், பன்னி கத்தற மாதிரி இருக்குது? இன்னொரு வாட்டி இந்தச் சத்தம் கேட்டுச்சுன்னா ரூமைப் பூட்டிச் சாவியை நானே வெச்சுக்குவேன், பாத்துக்குங்க."

சொன்னால் செய்கிற ஆள். தையல் மிஷினை அப்படித்தான் பூட்டினார். அது உள்ளேயே துருப்பிடித்துப் போனது. இதையும் அப்படி விட்டுவிட நான் என்ன இளிச்சவாயா? ஹெட்போன் ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். சத்தம் நின்றது.

ஆனால் என் பிள்ளைகள் தலை நிறையத் தேங்காயெண்ணெய் வைத்து, இரட்டைச் சடை மடித்துக் கட்டி, கனகாம்பரமும் வைத்துக்கொண்டு வருகிறவர்கள். காதுப் பஞ்சு எண்ணெயைக் குடித்து ஊறியது, நாறியது, கடைசியில் உதிர்ந்து கையோடு வந்தது. இன்னொன்று வாங்கினேன். அதற்கும் அதே கதிதான்.

"எண்ணெய் வெக்காம வரச் சொல்லுங்க டீச்சர்," என்றார் தலைமையாசிரியர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எண்ணெய் வைக்காமல் வந்தால் பரட்டைத் தலை என்று கேட்டிலேயே நிறுத்துகிறவரும் இவர்தான்! பிள்ளைகள் ஏன் மாற வேண்டும்? அவர்கள் தலைக்குத் தாங்குகிற ஹெட்போனைக் கொண்டுவராமல் விடுவதில்லை என்று, கைப்பையில் எண்ணெய் பாட்டிலோடு தருமபுரிக்கு பஸ் ஏறினேன்.

ரேடியோ ரிப்பேர் கடை பாய் நல்ல மனிதர். அவர் எடுத்து வைத்த புது ஹெட்போனில் நான் எண்ணெயைச் சாய்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஐயையோ, என்னம்மா பண்றீங்க!"

"தாங்குதான்னு பாக்கறனுங்க பாய். கெட்டுப்போச்சுன்னா நானே எடுத்துக்கறேன்."

தாங்கவில்லை. அப்போதுதான் அவர் கழுத்தில் தொங்கியதைப் பார்த்தேன். இரும்புப் பட்டை, தடித்த ரெக்சின் உறை, கயிறு கனத்துக்கு ஒயர். ரேடியோவைச் சோதிக்க அவரே மாட்டிக்கொள்வது.

"அதைக் கொடுங்க."

"இது தொழிலுக்கு வெச்சிருக்கறதுங்கம்மா."

"எங்களுக்கும் தொழிலுக்குத்தான்," என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பஸ் போனது. அடுத்த பஸ்ஸும் போனது. நான் அசையவில்லை. பாய் பெருமூச்சு விட்டு, கழுத்திலிருந்து கழற்றித் தரையில் தொப்பென்று போட்டுக் காட்டினார்.

"ஒண்ணும் ஆவாது. எண்ணெயைத் துணியில தொடைச்சாப் போதும். எடுத்துட்டு வூடு போய்ச் சேருங்க தாயே!"

அதன்பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் போகவில்லை. அதுவே தலைமையாசிரியருக்குச் சந்தேகமாகிவிட்டது. ஒரு நாள் கையில் பூட்டோடு வந்தார்.

"மிஷின் ரிப்பேரா? பூட்டிரலாமா?"

ஹெட்போன் மாட்டியிருந்தவள் கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தினாள். "உஷ்! லோடு ஆவுது!"

அவர் அவள் தலையிலிருந்து அதை எடுத்துத் தன் காதில் மாட்டினார். நின்று கேட்டார். திரையில் பெருக்கல் பாடம் வந்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அவர் கழற்றிக் கொடுத்தபோது ரெக்சின் இரண்டு பக்கமும் பளபளத்தது. அவரும் நன்றாக எண்ணெய் வைத்துப் படிய வாருகிறவர்தானே. பிள்ளை அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், தாவணி நுனியால் அழுத்தித் துடைத்துவிட்டுத் தன் காதில் மாட்டிக்கொண்டாள்.

அவர் பூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.