டி.வி.க்கு முதுகு காட்டி

ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடி, மேசை விளக்கின் கழுத்தை வளைத்துத் தன் முகத்தில் வெளிச்சம் விழும்படி வைத்துவிட்டு, ஷியாமளாக்கா உதட்டுச் சாயத்தைத் திறப்பார். நல்ல செங்கல் சிவப்பு. கண்ணாடி பார்க்காமலே மேலே ஓர் இழுப்பு, கீழே ஓர் இழுப்பு. பிறகு கணவர் உட்கார்ந்திருக்கும் சோபாவுக்கு எதிரே, அவருக்குத் திரையை மறைக்காதபடி சற்றே ஒதுக்கி, ஒரு குட்டை முக்காலியைப் போட்டு, டி.வி.க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். முழங்காலும் முழங்காலும் முட்டும். "ம், போடுங்க" என்று தலையசைத்தால் படம் ஓடத் தொடங்கும். வெள்ளிக்கிழமை மதியம், பிரியாணி தின்ற மயக்கத்தில், வளைகுடாவில் இருக்கும் எங்கள் ஃபஹாஹீல் கட்டடமே படுத்துக் கிடக்கும். இந்த ஒரு வீட்டில் மட்டும் ஒரு பெண்மணி, தான் பார்க்காத படத்தின் வசனத்தையெல்லாம் சத்தமில்லாமல் பேசிக்கொண்டிருப்பார்.

அவருக்கு எதிர்வீடு நான். அக்கா கோயம்புத்தூர், நான் காயல்பட்டினம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு லிஃப்டும் செருப்பு அலமாரியும்தான். எனக்குத் தெரிந்து அக்கா கல்யாணத்துக்குப் போனாலும் முகத்துக்குப் பவுடர் தாண்டி எதுவும் போட்டுக்கொண்டதில்லை. உதட்டுச் சாயம் வாங்க என்னைத்தான் சூக் என்கிற கடைத்தெருவுக்குத் துணைக்கு அழைத்துப் போனார். கடைக்காரப் பெண்ணிடம், "தூரத்துல இருந்து பாத்தாலும் ஒதடு தெரியோணும், அவ்ளோதான்" என்று தமிழிலேயே சொன்னார். கட்டடத்தில் இரண்டு நாள் இதே பேச்சாகத்தான் இருந்தது. இந்த வயதில் இந்த அம்மாவுக்கு என்ன வந்தது என்று மூன்றாம் மாடியில் கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அக்காவின் கணவர் சிவசங்கரன் அண்ணனுக்குக் காது கேட்காது. பாதி ஆயுசை ஆலையில் கம்ப்ரசர் இரைச்சலுக்கு நடுவே கழித்தவர். காதடைப்பானைக் கழற்றாமல்தான் வேலை செய்தார். ஆனாலும் காது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, ஒரு விஷக்காய்ச்சலுக்குப் பிறகு சுத்தமாக நின்றுபோனது. கருவி மாட்டிப் பார்த்தார்கள். "சத்தம் வருது, சொல்லு வர்ல" என்று கழற்றி வைத்துவிட்டார். இப்போது ஓர் அலுவலகத்தில் வரைபடங்களைச் சரிபார்க்கிறார், பேச்சு வேண்டாத வேலை. உதடு பார்த்துப் புரிந்துகொள்வார், ஆனால் ஒரே ஒருவருடைய உதட்டைத்தான். நான் எவ்வளவு நிறுத்தி நிதானமாகப் பேசினாலும் மலங்க விழித்துவிட்டு மனைவியைத் திரும்பிப் பார்ப்பார். அவர் அதையே இன்னும் வேகமாகச் சொல்வார், இவருக்குப் புரிந்துவிடும்.

அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே பொழுதுபோக்கு தமிழ்ப் படம். டி.வி.யில் செருகும் குட்டி டப்பா ஒன்று வாங்கி, அதில் ஒரு செயலிக்குச் சந்தா கட்டியிருந்தார்கள். அந்தச் செயலியில் எல்லாப் படத்துக்கும் கீழே ஆங்கில எழுத்து ஓடும். வருஷக்கணக்காக அவர் தமிழ்ப் படத்தை ஆங்கிலத்தில் படித்துக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து காது குளிரக் கேட்டுக்கொண்டிருப்பார். அண்ணன் சிரிப்பது எப்போதும் அக்கா சிரித்து ஒரு கணம் கழித்துத்தான், அல்லது ஒரு கணம் முந்தி.

இந்த நிலைமையில்தான் சண்டை வந்தது. டப்பாவைச் செய்கிற கம்பெனிக்கும் செயலிக்காரருக்கும் சந்தாப் பணத்தில் யாருக்கு எவ்வளவு, விளம்பரத்தில் யாருக்கு எவ்வளவு என்று தகராறு. பேச்சு முறிந்ததும் டப்பாக்காரர் திரையில் அறிவிப்பு போட்டார். உங்கள் நலனைக் காக்கவே இந்த முடிவு என்றார். செயலிக்காரர் மின்னஞ்சல் அனுப்பினார். உங்கள் நலனுக்காகவே நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை என்றார். ஏற்கெனவே செயலி இருக்கிற டப்பாக்களில் அது ஓடும், புதிதாக மட்டும் இறக்க முடியாது என்பதை இரண்டு பேருமே பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அக்கா விளக்கிய பிறகுதான் எனக்கு இது புரிந்தது. "ரெண்டு மொதலாளிக்கும் பங்குல தகராறு கண்ணு. நடுவுல இருக்கறவனுக்கு இகாமா அடிக்க மாட்டேங்கறாங்க. இருக்கறவன் இருந்துக்கலாம். ஊருக்குப் போனா திரும்பி வர முடியாது." இங்கே தங்குவதற்கான அனுமதிதான் இகாமா. அது புதுப்பிக்கப்படாமல் தவித்த மனிதர்களை எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு செயலிக்கும் அதே கதி வரும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

இருந்தவனை ஊருக்கு அனுப்பியது சிவசங்கரன் அண்ணன்தான். ஒரு வியாழக்கிழமை படம் பாதியில் சுற்றிக்கொண்டே நின்றது. அவரோ வாழ்நாளெல்லாம் ஆலையில் ஷட்டவுன் வேலை பார்த்தவர். எது மக்கர் செய்தாலும் முழுதாக நிறுத்து, கழற்று, சுத்தம் பண்ணு, திரும்ப மாட்டு என்பதுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். சமையலறை மிக்ஸியையும் அப்படித்தான் பிழைக்க வைத்திருக்கிறார். எனவே செயலியை அழித்தார், திரும்ப இறக்கப் போனார். தேடிய இடத்தில் அது இல்லை. அக்கா ஓடி வந்து பார்த்தபோது ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, குரலின் அளவு தெரியாமல், கட்டடம் கேட்க, "நானே தூக்கிட்டேன் ஷியாமளா" என்றாராம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் ஹாலுக்கே வரவில்லை. செல்போனில் படம் போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பொடி எழுத்து அவர் கண்ணுக்கு எட்டவில்லை. அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். லிஃப்ட் வாசலில் அக்கா என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அவுரு ஒவ்வொண்ணா வுட்டுப்போட்டு வர்றாரு ஆபிதா. மொதல்ல போன் பேசறதை வுட்டாரு. அப்புறம் தமிழ்ச் சங்கத்துக்குப் போறதை. இப்ப பசங்க வீடியோவுல வந்தாக்கூட கையை ஆட்டிப்போட்டு எந்திரிச்சர்றாரு. இந்தப் படம் ஒண்ணுதான் அவரை மனுசங்களோட உக்கார வெச்சிருந்துச்சு. இதும் போச்சுன்னா உள்ள போனவரு உள்ளயேதான்."

எங்கள் வீட்டு டப்பாவில் செயலி பத்திரமாக இருந்தது. எதையும் கழற்றிப் பார்க்கிற ஆட்கள் இல்லை நாங்கள். "மாத்திக் கொடுத்துரு, நமக்கு எங்க படம் பாக்க நேரம்" என்று என் கணவர் உஸைர் சொன்னார். எடுத்துக்கொண்டு போனேன். அக்கா வாங்கவில்லை. "இன்னைக்கு நாளைக்குச் சமாதானம் ஆயிருமாம் கண்ணு. உங்க பையன் அம்மார் கார்ட்டூன் பாக்கற டப்பாவைப் புடுங்கறதா" என்று கதவோடு அனுப்பிவிட்டார். உண்மையிலேயே அப்படித்தான் எல்லோரும் நினைத்தோம்.

அந்த வாரம்தான் முக்காலி வந்தது. வேறொரு செயலியில் பழைய நகைச்சுவைப் படங்கள் உண்டு, எழுத்து கிடையாது. ஒன்றைப் போட்டுவிட்டு, அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்து, அக்கா எதிரே நின்று வாயசைக்கத் தொடங்கினார். "மறைக்காதே" என்று கத்தினார் அவர். அக்கா உட்கார்ந்தார். இருட்டாக இருக்கிறது என்றார். விளக்கு வந்தது. உதடு தெரியவில்லை என்றார். சாயம் வந்தது.

முதல் தடவை பார்த்தபோது நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஒரு பெண், முதுகுக்குப் பின்னால் நான்கு பேர் மாறி மாறிப் பேசுவதைக் காதில் வாங்கி, அதே கணம் அதை முகத்தில் கொண்டுவருகிறார். ஆண் பேசினால் சட்டைக் காலரைத் தொடுவது போல ஒரு சைகை. பெண் என்றால் மூக்குத்தி. அப்பா என்றாலும் அம்மா என்றாலும் உதட்டில் ஒன்று போலத்தான் தெரியும், அதனால் அப்பாவுக்கு மட்டும் விரலால் ஒரு மீசை. கூட்டம் கத்தினால் இரண்டு கையையும் விரிப்பார். வில்லன் நீளமாக முழங்கினால், "பெருசாப் பேசறான், விசயம் ஒண்ணுமில்ல" என்று முடித்துவிடுவார். கெட்ட வார்த்தை வந்தால் "என்னமோ திட்டறான்" என்பதோடு சரி. சில இடங்களில் படத்தில் இல்லாததும் வரும். "இவன் அழுகையை நம்பாதீங்க" என்று ஒரு தடவை எச்சரித்தார். அண்ணன் நம்பவில்லை. அரைமணி நேரம் கழித்து அவன் பொய்யன் என்று தெரிந்ததும் மனைவியின் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார்.

பாட்டு வந்தால் வாயசைக்க மாட்டார். அவர் முழங்காலை மத்தளமாக்கி விரல்களால் தாளம் போடுவார். முன்பு பாட்டு வந்தால் திரையின் கீழே ஓர் இசைக்குறி மட்டும் நிற்கும், அண்ணன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார். இப்போது கண்ணை மூடிக்கொண்டு முழங்காலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். சரணத்தில் தாளம் மாறும் இடத்தில் அவர் தலை சரியாக மாறி ஆடியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் நிக்காஹ் ஆகிப் பல வருஷம் ஆனவள்தான். உஸைர் பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டால் இரண்டாம் தடவை கூப்பிடட்டும் என்று இருக்கிறவள்.

படம் முடிந்ததும் அக்கா தாடையைத் தேய்த்துக்கொண்டு எழுந்தார். தண்ணீர் கொடுத்தேன். "நீங்க படமே பாக்கலையேக்கா" என்றேன்.

"ஏன் பாக்கல? அவுரு மூக்குக் கண்ணாடில தெரியுதே" என்றார். "ரெண்டு சில்லுலயும் ரெண்டு படம். குட்டியா இருக்கும். இடம் வலம் மாறி இருக்கும். அதுக்கென்ன, கதை மாறுதா?"

சண்டை நீண்டுகொண்டே போனது. கனடாவில் இருக்கும் மகன் வருண், வேறு கம்பெனி டப்பா ஒன்றை வாங்கி அனுப்புவதாகச் சொன்னான். நான் பக்கத்தில் இருந்தேன். "வேண்டாஞ் சாமி. இன்னைக்கு இவங்கூடச் சண்டை, நாளைக்கு அவங்கூட. எத்தனை டப்பா வாங்குவ? இங்க பேச்சுவார்த்தை நடக்குதாம், வந்துரும்" என்றார் அக்கா. அந்தச் சமயத்தில் எந்தப் பேச்சுவார்த்தையும் நடக்கவில்லை. செய்திகளை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் டப்பாவை மறுபடி கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று யோசித்தேன், கொடுக்காமல் விடுவதே நல்லதென்று பட்டது. வீடியோவில் வருண் வந்தால் அண்ணன் இப்போது கையை ஆட்டிவிட்டு எழுந்து போவதில்லை. அக்கா போனின் ஓரத்தில் முகத்தை நீட்டி மகன் சொல்வதை வாயசைக்க, அவர் பதில் சொல்கிறார். மூன்றாம் மாடிக்கும் கேட்கும்.

போன மாதம் ஒருநாள் சமாதானம் ஆகிவிட்டது. யார் எவ்வளவு விட்டுக்கொடுத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. மீண்டும் இணைந்தோம், உங்கள் பொறுமைக்கு நன்றி என்று திரையில் பூங்கொத்துப் படம் போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை நான் எங்களூர் இனிப்பான வட்டிலப்பத்தோடு போனபோது அண்ணன் செயலியை இறக்கிப் புதுப்படம் ஒன்றைத் தேடி வைத்திருந்தார். முக்காலி சுவரோரம் போய்விட்டது. விளக்கு மேசைக்குத் திரும்பியிருந்தது. அக்கா சாயமில்லாத உதட்டோடு, பழையபடி சோபாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "அப்பாடா, இனி என்ற வாய்க்கு லீவு" என்று என்னிடம் சொன்னார். சொன்ன குரலில் லீவு கிடைத்தவரின் சந்தோஷம் இல்லை.

படம் ஓடியது. எழுத்து வந்தது. ஒரு காட்சியில் தாய்க்காரி ஒருத்தி மருமகனை வாசலில் நிறுத்திவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். மூச்சுவிடாமல், சீரில் தொடங்கி அவன் செருப்பு வரைக்கும். எனக்கும் அக்காவுக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அண்ணன் திரையின் கீழே பார்த்தார். ஆங்கிலத்தில் 'போய்விடு' என்று ஒரே ஒரு வார்த்தை. அவள் வாய் ஓயவில்லை. எழுத்தும் மாறவில்லை. அவர் எங்கள் இரண்டு பேரின் சிரிப்பையும் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"இவ்வளவு நேரம் பேசினாளே," என்றார், கட்டடம் கேட்க. "இவ்வளவுதான் சொன்னாளா?"

ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார். எதை எதையோ அழுத்தினார். கீழே இருந்த எழுத்து போய்விட்டது. சுவரோரம் கிடந்த முக்காலியைக் கையால் காட்டினார். 

"எழுத்து வந்தும் என்னைய வுடமாட்டாராட்டம் இருக்குது" என்று முணுமுணுத்துக்கொண்டு அக்கா எழுந்து உள்ளே போனார். கோபமோ என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது உதடு செங்கல் சிவப்பாக இருந்தது. விளக்கை வளைத்தார். முக்காலியை இழுத்துப் போட்டார். உட்காரவில்லை. குனிந்து, கணவரின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டா நுனியால் ஒரு சில்லைத் துடைத்தார், அடுத்த சில்லைத் துடைத்தார், விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்து இன்னொரு தடவை துடைத்தார். அதை அவர் காதுகளில் மாட்டி, மூக்கில் நேராக நிறுத்திவிட்டு, டி.வி.க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.