பாதிரியார் பங்களாவின் கடைசிச் சுவர்

சமையல்காரர் அந்தோணி அண்ணன் இருக்கிறார், அவர் மனைவி மரியம்மா அக்கா இருக்கிறார், தில்லிக்கு வேலைத் தேர்வு எழுத வந்து அவர்களோடு தங்கியிருக்கும் நான் இருக்கிறேன். பின்பக்கம் சுவர் எழுப்பிக்கொள்ள அண்ணனுக்கு அனுமதி தந்த பாதிரியார்தான் இல்லை, சிம்லா போயிருக்கிறார்.

காஷ்மீரி கேட் பக்கம், வெள்ளைக்காரப் பாதிரிகள் குடியிருக்கக் கட்டிய பங்களா இது. ஒரு பாதிரி முன் வராந்தாவை அடைத்துப் படிப்பறையாக்கினார். அடுத்தவர் கணப்படுப்பைச் செங்கல் வைத்து மூடினார். பிறகு வந்தவர் உயரமான கூரைக்குக் கீழே பலகை அடித்தார். அதற்கெல்லாம் இன்று மிஷன் அனுப்பிய ஆட்கள் புது வெள்ளை பூசுகிறார்கள். வயசுக்கு வந்த மகள் மறைவாகக் குளிக்கப் பின் வராந்தாவில் அண்ணன் எழுப்பிய சுவரை மட்டும் இடிக்கிறார்கள்.

“ஒரிஜினல் பில்டிங்கை இப்படிக் கெடுக்கலாமா சார்?” என்கிறார் கரோல் பாகிலிருந்து வரும் தமிழ் ஓவர்சியர்.

“அந்தப் படிப்பறை ஒரிஜினலா?” என்கிறேன்.

“அது துரை கட்டினது. இது குக் கட்டினது. ரெண்டும் ஒண்ணா?”

“அனுமதி குடுத்தவர் வர்ற வரைக்கும் நிறுத்துங்க!” என்று கத்துகிறேன். கடப்பாரை நிற்கவில்லை.

“விடுங்க தம்பி, இந்த முனையைப் பிடிங்க” என்று அக்கா தன் சேலையை இரண்டு தூணுக்கும் நடுவே கட்டுகிறார்.

இடித்த கூலி நாற்பது ரூபாயை அண்ணன் சம்பளத்தில் பிடிக்கிறார்களாம். கட்டியபோது ஆனது அறுபது. இல்லாத ஒரு சுவருக்கு, ஆக நூறு ரூபாய்.