அத்தைக்குக் காவல்

அத்தை பாட்டுக் கோஷ்டியில் பாடப் போகலாம், ஆனால் தனியாகப் போகக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. ஆகவே அவருடைய தங்கைக்குக் காவலாக ஒன்பது வயதுப் பெண்ணான என்னை அனுப்பினார்கள். தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கோயில் திருவிழா. பகல் கச்சேரி. காலையில் கண்டியில் எங்கள் வீட்டு வாசலுக்கே வேன் வந்துவிட்டது.

வேனுக்குள் ஆட்களைவிடச் சாமான்கள் அதிகம். எதைத் தொட்டால் என்ன சத்தம் வரும் என்று பார்க்க எனக்குக் கை துறுதுறுத்தது. டோலக் மாமா தட்டிப் பார்க்க விட்டார். டிரைவர் மாமா ஹோர்ன் அடிக்க விட்டார். அக்கோடியன் வாத்தியத்தை மடியில் வைத்திருந்தவரையும் நான் மாமா என்றபோதுதான் அத்தை என் தொடையில் கிள்ளினாள்.

"அவர மட்டும் மாமான்னு கூப்பிடாத."

"ஏன்? அவரோட கோவமா?"

"அவரோட பேச மாட்டேன்னு ஒங்க அப்பாகிட்ட சத்தியம் பண்ணிருக்கேன்."

எதற்கு அப்படி ஒரு சத்தியம் என்று கேட்டேன். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஹேவாஹெட்டவுக்கு ஏறும் வளைவுகளில் அவர்கள் இருவருடைய முழங்கால்களும் இடித்துக்கொண்டன. ஆனாலும் பேச்செல்லாம் என் வழியாகத்தான் போயிற்று.

"தொண்ட கட்டியிருக்கு, சுதிய கொஞ்சம் எறக்கச் சொல்லு."

"எறக்கிறலாம். இஞ்சி போட்டுத் தேத்தண்ணி குடிக்கச் சொல்லு பாப்பா."

காதில் விழுந்ததையே மறுபடி சொல்வது எனக்குப் பெரிய விளையாட்டாக இருந்தது. ஒன்றையும் விடாமல் உரக்கச் சொன்னேன். நடுவில் அவர், "பாஸ்போட் வந்துருச்சுன்னு சொல்லு" என்றார். நான் சொன்னேன். பெட்டியில் தாளம் போட்டுக்கொண்டிருந்த டோலக் மாமாவின் விரல்கள் நின்றன.

"எப்ப கப்பல்னு கேளு" என்றாள் அத்தை.

"மாசக் கடைசியில."

தோட்டத்துச் சனங்களில் யார் இந்தியாவுக்குப் போவது, யார் இங்கே இருப்பது என்று அரசாங்கங்கள் பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. எங்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. அவர் குடும்பத்துக்கு இந்தியா. எனக்குத் தெரிந்ததெல்லாம் கப்பல் என்ற சொல்தான். கப்பலில் கட்டில் இருக்குமா, ஜன்னல் இருக்குமா என்று அவரைத் துளைத்தெடுத்தேன். தெரியாது என்றார்.

மேடையில் அவர்கள் வேறு ஆட்களாக மாறிப்போனார்கள். அத்தை ஒரு வரி பாடுவாள். அவர் அதையே அக்கோடியனில் திருப்பிக் கேட்பார். அத்தை அவரைப் பார்த்துச் சிரித்தபடி அடுத்த வரியை எடுப்பாள். தொண்டை கட்டியதாகவே தெரியவில்லை. சனங்கள் விசில் அடித்தார்கள். இது பேச்சில் சேருமா சேராதா என்று முன்வரிசையில் உட்கார்ந்து யோசித்தேன். பாட்டுத்தானே, சேராது என்று முடிவு செய்தேன்.

கச்சேரி முடிந்து சாமான்களை ஏற்றும்போது அவர் என்னைக் கூப்பிட்டார்.

"கப்பல் ஏற தலைமன்னாருக்கு ஒரு டிக்கட்டா, ரெண்டான்னு கேட்டுட்டு வா பாப்பா."

அத்தை மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கேள்வியைச் சொன்னேன். சுருட்டியதை அவிழ்த்தாள், மறுபடி சுருட்டினாள். பிறகு என் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, "ரெண்டுன்னு சொல்லு" என்றாள்.

ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னைத் தனியாக அழைத்து, "அந்த அக்கோடியன்காரனோட அத்தை பேசினாளா?" என்று கேட்டார்.

"ஒரு வார்த்தகூடப் பேசலப்பா."

அப்பாவுக்கு அவ்வளவு நிம்மதி. மறுநாள் எனக்குக் கேக் வாங்கி வந்தார்.

மாதக் கடைசியில் ஒரு காலை அத்தை வீட்டில் இல்லை. அம்மா அழுதாள். அப்பா கதிரையைவிட்டு எழும்பவேயில்லை. அத்தை கப்பலில் போய்விட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். நான் நம்பவில்லை. ஒரு டிக்கட் அவருக்கு, மற்றது இடத்தை அடைக்கும் அந்தப் பெரிய அக்கோடியனுக்கு. அப்படியிருக்க, அத்தையை எப்படிக் கப்பலில் ஏற்றியிருப்பார்கள்?