வாயைத் திறக்காத வகுப்பு

நல்லவர்களோடு ஒரே இடத்தில் வேலை பார்ப்பது எவ்வளவு பெரிய தலைவலி என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறை அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளர். எனக்குத் தலை நரைத்ததும் அங்கேதான், ரத்தக் கொதிப்பு வந்ததும் அங்கேதான். அந்தக் கொதிப்பில் பாதி தவளை மேடத்தால் வந்தது.

தவளை மேடம் என்பது மாணவர்கள் வைத்த பெயர். தலைப்பிரட்டைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவள். சில குளத்துத் தலைப்பிரட்டைகளுக்கு மட்டும் ஏன் சீக்கிரம் கால் முளைக்கிறது என்பதுதான் அவளுடைய ஆயுள் கவலை. கண்ணாடித் தொட்டிகளை வைக்க அவளுக்கு யாரும் அறை கொடுக்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே, துடைப்பமும் வாளியும் வைக்கிற மூலையில், வரிசையாக வைத்திருந்தாள். குனிந்து உள்ளே போய், நிமிரும்போது தலையில் இடித்துக்கொண்டு, "ஐயோ" என்று சொல்லி, அதற்குத் தானே சிரித்துக்கொள்வாள்.

பதினான்கு வருஷமாகத் தற்காலிக ஆசிரியை. விடுமுறை விட்டால் வேலை போகும், கல்லூரி திறந்தால் மறுபடி வரும். அவள் மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்வாராம், "என் மருமக யூனிவர்சிட்டில வேலை பார்க்கிறா, ஆனா வேலைதான் இன்னும் கிடைக்கல" என்று. அதையும் என்னிடம் வந்து சிரித்துக்கொண்டே சொல்வாள். பஸ் ஓட்டுகிற புருஷன் மட்டும் சிரிக்க மாட்டார். "இந்த வருஷமாவது நடக்குமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் டியூட்டிக்குக் கிளம்பிவிடுவார்.

நிரந்தரப் பேராசிரியர்கள் மாநாடு, ஆராய்ச்சி என்று கிளம்பினால் அவர்கள் வகுப்பு முழுக்க இவள் தலையில்தான் விழும். நான் கத்துவேன்.

"ஏன்டி, உனக்கு ஆராய்ச்சி இல்லையா? பாதி எழுதின கட்டுரை எத்தனை கிடக்கு? முடியாதுன்னு சொல்ல வாய் வராதா?"

"பாவம்க்கா, பசங்க சும்மா உட்கார்ந்திருப்பாங்க. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு சொல்றாங்கல்ல?"

"சொல்றவங்களுக்கென்ன! உன் பிள்ளை அந்தப் படிக்கட்டுக்குக் கீழேயே கிடக்கட்டும்."

அப்படியிருக்கும்போதுதான் விளம்பரம் வந்தது. உயிரியலுக்கு ஓர் உதவிப் பேராசிரியர், கற்பிக்கவும் ஆராய்ச்சிக்கும், நிரந்தர இடம். வயது வரம்பு போட்டிருந்தார்கள். அவளுக்கு அந்த வரம்புக்கு ஒரு வருஷம்கூட மிச்சமில்லை. அடுத்த ஆள் ஓய்வு பெற்று அடுத்த இடம் காலியாவதற்குள் இவளுக்குப் பேரன் பேத்தியே வந்துவிடும். இதை விட்டால் அவ்வளவுதான் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"கிடைச்சா தொட்டிக்கு ஒரு ரூம் கேட்கணும்க்கா. ஜன்னல் வச்ச ரூம்," என்றாள். அதற்கு மேல் அவள் எதற்கும் ஆசைப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் உண்மையான மாணவர்களுக்கு இருபது நிமிஷம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தேர்வுக்குழு பின்னால் உட்கார்ந்து பார்க்கும். எல்லாருக்கும் ஒரே பாடம். பிறகுதான் ஆராய்ச்சியைப் பற்றிய பேச்சும் நேர்காணலும். அந்த முறை கொடுத்த பாடம் உயிரணுப் பிரிவு. ஜோடி ஜோடியாக இருக்கும் குரோமோசோம்கள் பிரிந்து பாதியாகிற கதை. மாணவர்களாக உட்காரப்போவது இரண்டாம் ஆண்டு வகுப்பு. இவளுடைய வகுப்பேதான். அதே பாடத்தை இவள் போன மாதம்தான் அவர்களுக்கு நடத்தி முடித்திருந்தாள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்துக்கொண்டேன். முந்தின நாள் மத்தியானம் சாப்பிடும்போது அவள் நிதானமாகச் சொன்னாள்.

"பசங்ககிட்டப் பேசிட்டேன்க்கா. வெளியூர்லருந்து வர்றவங்க பயந்துபோய் வருவாங்க, அவங்க கேள்வி கேட்டா முழிக்காதீங்க, நல்லா பதில் சொல்லுங்கன்னு சொல்லியிருக்கேன்."

"சரி. உனக்கு?"

"என் வகுப்புல மட்டும் யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னுட்டேன். நம்ம பசங்களாச்சே. நானே சொல்லிக் கொடுத்துக் கூட்டிட்டு வந்தேன்னு யாரும் பேசிடக் கூடாதில்ல?"

என் கையில் இருந்த கவளம் டிபன் டப்பாவிலேயே விழுந்தது. "உனக்கென்ன பைத்தியமா? தன் தலையில தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிற ஆளை நான் இன்னிக்குத்தான் நேர்ல பார்க்கிறேன்! போய் மாத்திச் சொல்லுடி!"

"மத்தவங்களுக்கு இல்லாத வசதி எனக்கு எதுக்குக்கா? எனக்குப் பாடம் தெரியும், நான் பார்த்துக்கிறேன்," என்றாள். அவளை அசைக்க முடியவில்லை.

மறுநாள் இவளையும் சேர்த்து மூன்று பேர். நேரம் முடிந்ததும் மணி அடிப்பது என் வேலை என்பதால் வகுப்பு வாசல் பக்கம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வெளியே, ஜன்னலை ஒட்டிய வராந்தா பெஞ்சில் இருந்தாள். முதலில் வந்தவர் பாடத்தைச் சுவரைப் பார்த்து நடத்திவிட்டுப் போனார். இரண்டாவது, வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்துவிட்டு வந்த ஒரு தம்பி. கட்டுரைகள் ஏராளம், ஆனால் வகுப்பு எடுத்துப் பழக்கமில்லை. பாதியில் தடுமாறி, ஏதாவது கேட்டால் சமாளிக்கலாம் என்று நினைத்தானோ என்னவோ, "ஒரு ஜோடி எப்படிப் பிரியும், யாராவது சொல்ல முடியுமா?" என்றான்.

அவ்வளவுதான்! கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் துள்ளி எழுந்து முன்னால் வந்தாள். தன் சாக்ஸைக் கழற்றினாள். பக்கத்தில் இருந்த பையனுடைய சாக்ஸையும் பிடுங்கினாள். "நாத்தம் தாங்கல" என்று ஒரு குரல் வர, வகுப்பே சிரித்தது. மேஜையில் இரண்டு ஜோடியையும் பரப்பி, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது, பிரியும்போது இந்தப் பக்கம் எது போகும் அந்தப் பக்கம் எது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது என்று மாற்றி மாற்றி வைத்துக் காட்டினாள். அதனால்தான் அண்ணன் தம்பிகள்கூட ஒரே மாதிரி இருப்பதில்லை என்று இன்னொருவன் சேர்த்துச் சொன்னான். ஐந்தாறு கைகள் உயர்ந்தன. தேர்வுக்குழுத் தலைவரே கை தட்டினார். அந்தத் தம்பிக்கு உயிர் வந்து, மீதிப் பாடத்தை ஜோராக முடித்தான்.

மணி அடித்துவிட்டு வெளியே வந்தேன். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"கேட்டீங்களாக்கா? என் பசங்க! எவ்வளவு அழகா சொன்னாங்க!"

சொல்லிக்கொண்டே பையைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே மகளுடைய சாக்ஸும் புருஷனுடைய சாக்ஸும் துவைத்து மடித்து இருந்தன. போன மாதம் அவள் அந்தப் பாடத்தை நடத்தியது அவற்றை வைத்துத்தான். இப்போது அதையே எடுத்தால் முன்னால் போனவனைப் பார்த்துக் காப்பியடித்தது போலாகும். பையை மூடிவிட்டு வெறும் கையோடு உள்ளே போனாள்.

பாடம் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் எது கேட்டாலும் அறுபது தலையும் குனிந்தே இருந்தன. ஒரு வாலுப் பையன் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தான். சாக்ஸ் கழற்றிய பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு டெஸ்க்கையே பார்த்தாள். கேள்வியும் அவளே, பதிலும் அவளே. பின்னால் ஒருவர் கொட்டாவி விட்டார்.

ஆராய்ச்சிப் பேச்சிலும் சோடை போகவில்லை. தொட்டி எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டபோது மட்டும் தடுமாறினாளாம். சாயங்காலம் குழுவுக்கு டீ கொண்டுபோனேன். வெளியிலிருந்து வந்திருந்த நிபுணர் சொல்லிக்கொண்டிருந்தார், "அந்த இளைஞர் முதல் தடவையே வகுப்பை எப்படிக் கட்டிப் போட்டார் பாருங்க. ஒரு பொண்ணு தானா எழுந்து உதாரணம் காட்டுது. இந்தம்மா அதே பிள்ளைகளோட இத்தனை வருஷம் இருந்தும் ஒருத்தரும் வாயைத் திறக்கல."

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், அந்த உதாரணமே அவங்க சொல்லிக் கொடுத்ததுதான். பேசாதீங்கன்னு பிள்ளைங்ககிட்டச் சொன்னதும் அவங்கதான்," என்று போட்டு உடைத்தேன்.

குழுத் தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். "அம்மா, நாங்க கண்ணால பார்த்ததுக்குத்தான் மதிப்பெண் போட முடியும். டீயை வச்சிட்டுப் போங்க."

குழுவில் இருந்த எங்கள் துறைத் தலைவர் பின்னாலேயே வந்து வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் தெரியும்மா. நான் எடுத்துச் சொன்னா நம்ம ஆளுக்குப் பரிஞ்சு பேசுறேன்னு ஆயிடும்." ஆளாளுக்கு நியாயம் பார்த்து அவளைக் கரையில் ஏறவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அந்தத் தம்பிக்குத்தான் வேலை. அவனைத் திட்டவும் வழியில்லை, தங்கமான பையன், ஒன்றும் அறியாதவன். நிரந்தர ஆள் வந்தால் தற்காலிக இடம் ஒழிந்துவிடும் என்பது விதி. அவள் தொட்டிகளைக் காலி செய்து, இருந்த தலைப்பிரட்டைகளை விடுதிக்குப் பின்னால் இருக்கும் குளத்தில் விட்டாள். "வேற காலேஜ்ல பார்க்கலாம்டி" என்றேன். அவள் வயதுக்கு எந்தக் காலேஜில் என்று கேட்கவில்லை. "பார்க்கலாம்க்கா" என்றாள்.

கடைசி நாள் அவளோடு வாசல்வரை நடந்தேன். பின்னாலேயே வகுப்பு முழுக்க ஓடி வந்தது. சாக்ஸ் கழற்றிய பெண்தான் முன்னால் நின்றாள்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேட்கணும். அன்னிக்கு உங்க வகுப்புல எல்லாருக்கும் பதில் தொண்டை வரைக்கும் வந்துச்சு. நீங்க சொன்னீங்கன்னு அடக்கிக்கிட்டோம். நாங்க சரியாத்தானே இருந்தோம்?"

நான் வாயைத் திறந்தேன். அவள் என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள். அவ்வளவு பலம் அவளுக்கு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

"ரொம்பச் சரியா இருந்தீங்கம்மா. ஒருத்தர்கூடப் பேசலையே."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. "கவலைப்படாதீங்க மேடம். அடுத்த தடவை நீங்க இன்டர்வியூக்கு வரும்போதும் இப்படியே இருக்கோம்."

"சரிம்மா," என்றாள்.