கருப்பசாமி அண்ணனின் பெயரை நான் சொல்லவில்லை

பேசத் தெரிந்ததால் மட்டுமே நான் மேனேஜர் ஆனேன். அது எப்படி என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்தேன். ஒரு மிஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. இரண்டு மாதமாக யாருக்கும் காரணம் பிடிபடவில்லை. வன்னியம்பட்டியிலிருந்து வேலைக்கு வரும் ஃபிட்டர் கருப்பசாமி அண்ணன்தான், மிஷின் ஓடும் சத்தத்தை வைத்தே தேய்ந்த பேரிங்கைக் கண்டுபிடித்து மாற்றினார்.

நூல் வாங்க வந்த வெளிநாட்டுக்காரர், தரம் எப்படிக் கூடியது என்று முதலாளி முன்னால் விசாரித்தார்.

"எனக்கு இங்கிலீஷ் வராது தம்பி. நீங்களே அவியகிட்ட எடுத்துச் சொல்லுங்க" என்றார் கருப்பசாமி அண்ணன்.

நான் சரளமாக விளக்கினேன். யார் கண்டுபிடித்தது என்று வந்தவர் கேட்டார். எண்ணெய்த் துணியும் கையுமாக அண்ணன் என் பக்கத்திலேயே நின்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஐ" என்று தொடங்கினேன். பிறகு சொன்னதெல்லாம் தானாக வந்தது. முதலாளி என் தோளைத் தட்டினார்.

பதவி உயர்வு வந்த அன்று கேன்டீனில் அண்ணனைப் பார்த்தேன். "அன்னைக்கு எல்லாத்தையும் விவரமாச் சொல்லிட்டேண்ணே" என்றேன்.

"இங்கிலீஷ் எனக்கு அம்புட்டாத் தெரியாது தம்பி. 'ஐ'ன்னா 'நான்'னு மட்டும் தெரியும்" என்றவர், டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அவர் இன்னும் ஃபிட்டர்தான். உண்மையைச் சொல்லிவிட நினைத்து முதலாளியின் அறை வாசல்வரை பலமுறை போயிருக்கிறேன். பதவியை இழக்க மனமில்லாமல் திரும்பிவிடுகிறேன்.