மாமனார் சாயலில் ஒரு பூதகணம்

பிரெஞ்சுக் கொடி இறங்கி ஓரிரண்டு வருஷம் ஆகியிருக்கும். நோணாங்குப்பம் ஆற்றங்கரையில் தொல்பொருள்காரர்கள் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கிடைப்பதையெல்லாம் காகிதத்தில் வரைவது என் வேலை. அன்று மண்ணிலிருந்து ஒரு சின்னக் கல் பொம்மை வந்தது. பல்லவர் காலத்துப் பூதகணமாம். கோயில் கூரைக்கடியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் குள்ளர்களில் ஒருவன். பானை வயிறு, முட்டைக் கண், உதட்டைத் தள்ளிக்கொண்டு இரண்டு பல்.

மண் சுமந்த தேங்காய்த்திட்டுப் பெண்களுக்கு மண்ணுக்குள்ளிருந்து வந்தால் சாமிதான். கழுவி, எண்ணெய் தடவி, பெரிய குங்குமப் பொட்டும் வைத்துவிட்டார்கள். "ஐயோ, எண்ணெய் படக் கூடாதும்மா!" என்று அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். யார் கேட்டார்கள்?

அந்த நேரம் பார்த்தா அவர் வர வேண்டும்? எனக்குப் பெண் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்; பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கும் சொல்தா. அவர் பெண்ணைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் தலையசைத்தால் கல்யாணம், இல்லாவிட்டால் நான் சந்நியாசி. மாப்பிள்ளை வேலை செய்கிற லட்சணத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

வந்து நின்றார். பானை வயிறு. முட்டைக் கண். அதே இரண்டு பல். கோயிலுக்குப் போய்விட்டு வந்தாரோ என்னவோ, நெற்றியில் அதே அளவு குங்குமப் பொட்டு வேறு!

ஒரு பெண் பொம்மையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். இன்னொருத்திக்கு அந்தப் பொறுமை இல்லை. "அடியே, சாமி எழுந்து நடந்து வருதுடி!"

கரையே சிரித்தது. நான் ஓடிப்போய்ப் பொம்மையை மறைத்துக்கொண்டு நின்றேன். போச்சு, எல்லாம் போச்சு.

"நகருப்பா," என்றார். நகர்ந்தேன். குனிந்து பார்த்தார். மீசை துடித்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"எங்கப்பாரு! அச்சு அசல் எங்கப்பாரு! அவரு செத்தப்ப நான் கப்பல்ல இருந்தேன்பா, கடைசியா மூஞ்சியக்கூடப் பாக்கல. வூட்ல ஒரு போட்டோ கெடையாது."

சிரித்த பெண்களெல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். நான் வரைந்து வைத்திருந்த படத்தை அவர் எடுத்துத் துண்டால் தூசி தட்டினார். "இதே மாதிரி எனக்கு ஒண்ணு போட்டுக் குடு. தையில கல்யாணத்த வெச்சுக்கலாம்."

பொம்மை மியூசியத்துக்குப் போனது. படம் மாமனார் வீட்டுக் கூடத்தில் மாலையோடு தொங்கியது. அதன் கீழேதான் எனக்குத் தலைதீபாவளி விருந்து.

மூத்தவன் பிறந்த அன்று மருத்துவச்சி துணியை விலக்கி முகத்தைக் காட்டினாள். அட கடவுளே! அந்த முகத்தை நான் முன்பே வரைந்திருக்கிறேன். பல் மட்டும்தான் பாக்கி.